மூன்றாவது சாட்சி

நாவுலயிலிருந்து கல்யாண நாள் குறிக்க வந்த ஜுனைதீன் தேத்தண்ணி குடிக்காமலே திரும்பிப் போய்விட்டார்.

நூருன்னிஸாவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. மாப்பிள்ளைக்கு வாப்பா இல்லை. பெரிய வாப்பா ஜுனைதீன்தான் எல்லாம். வாசலில் குடையை மடக்கி வைத்துவிட்டு, "நாநா பின்னால ஸ்டோர்லயா ஈக்கிறாங்க? நானே போய்க் கண்டுக்கிறேன்" என்று சிரித்த முகமாக வீட்டின் பக்கத்து ஒழுங்கை வழியாகப் போன மனுஷன், பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தார். முகத்தில் இருந்த சிரிப்பைக் காணோம். குடையை எடுத்தார். நூருன்னிஸா தட்டத்தில் இஞ்சித் தேத்தண்ணியும் கித்துள் கருப்பட்டித் துண்டும் வைத்துக்கொண்டு நின்றாள். சீனி கிடைக்காத வருஷம் அது.

"குடிச்சிட்டுப் போங்களேன்."

"வேணாம்."

ஸலாம்கூடச் சொல்லவில்லை. மழைத் தூறலில் தெருவைக் கடந்து, மாத்தளையிலிருந்து வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறிக்கொண்டார். உள்ளறையில் ஜன்னல் சீலையை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்த கல்யாணப் பெண் ஸரீனா, "உம்மா, எனத்த நடந்திச்சு?" என்று கேட்டாள். உம்மாவுக்கு என்ன தெரியும்? தட்டத்தைப் பிடித்தபடியே நின்றாள்.

அந்தப் பத்து நிமிஷத்தில் ஜுனைதீனின் காதில் என்ன விழுந்தது என்று சொல்வதற்கு முன்னால் ஸக்கரியாவையும் ரவூபையும் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அலுவிகாரைக்கும் டவுனுக்கும் நடுவே, பெருந்தெரு ஓரத்தில் ஸக்கரியாவின் வீடு. பின்னால் தகரக் கூரை போட்ட ஸ்டோர். சுற்று வட்டாரத் தோட்டங்களிலிருந்து சாதிக்காய் அங்கேதான் வந்து சேரும். காயின் மேல் பற்றியிருக்கும் சிவப்புத் தோலான வசவாசியைக் கிழியாமல் உரித்துத் தனியாகக் காயப் போடவேண்டும். காயைப் படங்குச் சீலையில் பரப்பி, வெயில் கொடுத்து, மழை வந்தால் வாரிக் கட்டி, மறுபடி பரப்பி, ஆறேழு கிழமை பாடு. காய்ந்தால் ஓட்டுக்குள்ளே கொட்டை கழன்று ஆடும். காதருகே வைத்து ஆட்டினால் கடகடவென்று சத்தம் வரும். சத்தம் வராதது இன்னும் பச்சை. அதைத் திரும்பவும் வெயிலில் எறிய வேண்டியதுதான்.

ஸக்கரியாவும் ரவூபும் முப்பது வருஷமாக இந்த வேலையை ஒரே சாக்கில் எதிரெதிராக உட்கார்ந்து செய்கிறவர்கள். சின்ன வயதில் ஒரே பள்ளியில் ஓதினவர்கள். ஸக்கரியாவுக்கு வாய் அதிகம். எஸ்.எஸ்.சி. வரைக்கும் படித்தவர், எந்தப் பேச்சிலும் தோற்கப் பிடிக்காது. ரவூபுக்குப் பேச்சு குறைவு, ஓதல் அதிகம். மூன்று வருஷம் மத்ரஸாவில் இருந்து குர்ஆனில் பாதியை மனனம் செய்துவிட்டு, வாப்பா மௌத்தானதும் வீட்டுக்கு வந்துவிட்டவர். பெண்டாட்டி பிள்ளை இல்லாத ஒற்றை ஆள்.

இருவருக்கும் இடையில் ஒரு விளையாட்டு இருந்தது. மதியம் ளுஹர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்ததும் ஒருவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒரு கையில் கொட்டையுள்ள காயையும் மறு கையில் கொட்டை எடுத்த வெறுங்கோதையும் மூடிக்கொண்டு நீட்டுவார். மற்றவர் ஒரு கையைத் தொடவேண்டும். காய் வந்தால் தொட்டவர் "உண்டு" கட்சி. கோது வந்தால் "இல்லை" கட்சி. ஆண்டவன் உண்டா இல்லையா என்பதுதான் வழக்கு. விழுந்த கட்சியைக் கடைசி வரைக்கும் பேசவேண்டும், நடுவில் மாறக்கூடாது. பின்னேரம் அஸர் பாங்கு சொன்னால் வழக்கு முடிந்தது. யார் வென்றாலும் இருவரும் ஒன்றாக எழுந்து போய் ஒரே வரிசையில் நின்று தொழுவார்கள்.

மூட்டை மூட்டையாகச் சாதிக்காய் ஆட்டுகிறவர்களுக்கு ஒரு பராக்கு வேண்டுமே. அதற்கு வேறு எதுவும் கிடைக்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் கால் நூற்றாண்டாக ஒரு குற்றமும் இல்லாமல் நடந்த விளையாட்டு அது.

ஸ்டோரில் மூன்றாவதாக ஒரு ஆளும் இருந்தாள். சவரியம்மா. மேல் தோட்டத்து லயத்து வீட்டில் இருந்த கூலிக்காரி. அந்த வருஷம் தோட்டத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் மூன்று நாள்தான் வேலை. மாவும் இல்லை, அரிசியும் இல்லை. லயத்துச் சனம் மரவள்ளியையும் கீரையையும் அவித்துத் தின்றுவிட்டு, அதுவும் தீர்ந்தபோது டவுனுக்கு இறங்கியது. சவரியம்மா சுத்தியலோடு ஒரு மூலையில் குந்தியிருந்து ஓடு உடைப்பாள். அவளுடைய நாலு வயது மகள் அஞ்சலா பக்கத்தில் வெறுங்கோதுகளை அடுக்கி விளையாடும்.

அந்த வைகாசியில் அஞ்சலா செத்துப்போனது. ஒரு கிழமை வயிற்றால் போய், கண் சொருகி, ஸ்டோரிலேயே சாய்ந்துவிட்டது. ரவூப்தான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். டவுன் பாலத்துக்கு இந்தப் பக்கமே தோளில் கனம் மாறிவிட்டது. மாறியது தெரிந்தும் அவர் ஓட்டத்தை நிறுத்தவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

இது நடந்து இரண்டு மாதம் கழித்துத்தான் ஜுனைதீன் வந்த நாள். அன்று கோது ஸக்கரியாவின் கையில் வந்திருந்தது.

ரவூப் ஒரு காயை எடுத்துக் காதருகே ஆட்டிக் காட்டினார்.

"கேக்குதா மச்சான்? ஓட்டை ஒடைக்கல்ல. உள்ளுக்க கொட்டையைக் காணல்ல. ஆனா ஈக்குதெண்டு தெரியும். கண்ணால கண்டாத்தான் ஈக்குதெண்டு இல்ல."

"நான் முப்பது வருஷமா ஒடைச்சு ஒடைச்சுப் பார்த்தவன். அதாலதான் சத்தத்தை நம்புறேன். மொத மொதல்ல காயை ஆட்டினவன் நம்பியிருப்பானா? ஒலகம் ஒண்ணே ஒண்ணு. அதை ஒடைச்சு உள்ளுக்க பார்த்தவன் ஆரு?"

ரவூப் வசவாசி ஒன்றை விரலில் தூக்கினார். "இதைப் பாரு. செவப்பு நூலால வலை பின்னினாப்புல. தானா வந்திச்சா?"

ஸக்கரியா ஒதுக்கி வைத்திருந்த பொக்குக் காய் ஒன்றைத் தட்டினார். மாவு உதிர்ந்து, கூடவே ஒரு புழு விழுந்தது. "இதும் தானா வரல்ல. வசவாசி பின்னின கைதான் இதுக்கும் பல்லு வச்சிச்சா? வச்சிச்செண்டா, அந்தக் கை ஆருட பக்கம்?"

"சரி, காய்க்கு மரம் வேணும். மரத்துக்குக் காய் வேணும். பின்னால போய்க்கிட்டே ஈந்தா எங்கயாச்சும் ஒரு எடத்தில நிக்கணுமே."

"ஏன் நிக்கணும்? அப்படி நிக்கத்தான் வேணுமெண்டா மரத்திலயே நிண்டுக்கிறேன். அதுக்கு அங்கால ஒருத்தனைத் தேடிப் போவானேன்?"

ரவூபுக்கு வழக்கமாக இந்த இடத்தில் சிரிப்பு வந்துவிடும். அன்று வரவில்லை. காயை ஆட்டுவதை நிறுத்தியிருந்தார். "கஷ்டமெல்லாம் சோதனை மச்சான். சோதிச்சுப் பார்த்துத்தான் கூலி குடுப்பான்" என்றார். குரலில் வாதத்தின் மிடுக்கு இல்லை. ஸக்கரியா அதைக் கவனிக்கவில்லை. வென்றுகொண்டிருக்கிறவனுக்கு எதிராளியின் குரல் எங்கே காதில் விழப்போகிறது.

"ஒன்னையும் என்னையும் சோதிக்கட்டும். நாலு வயசுப் புள்ளைக்கு எனத்த சோதனை? ஒன்ட தோளில கெடந்திச்சே, அதுக்குச் சோதனையெண்டா எனத்தெண்டு தெரியுமா? நான் கேக்கிறது லேசான கேள்வி. அந்தப் புள்ள பசியில கெடக்கிறது அவனுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியாதெண்டா அவன் அல்லாஹ் இல்ல. தெரிஞ்சும் முடியல்லயெண்டா அவனும் நம்மளாட்டம் ஒருத்தன். தெரிஞ்சு, முடிஞ்சு, சும்மா ஈந்தானெண்டா, அவனுக்கு நான் எதுக்கு நெத்தியைத் தரையில வைக்கணும்? ஆகமொத்தம் மச்சான், அப்படி ஒருத்தன் இல்ல. இல்லவே இல்ல."

மூலையில் சுத்தியல் சத்தம் நின்றது. வாசலுக்கு வெளியே ஜுனைதீன் நின்றது உள்ளே இருந்த யாருக்கும் தெரியாது.

கொஞ்ச நேரத்தில் அஸர் பாங்கு கேட்டது. ஸக்கரியா கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "இண்டைக்கு ஒனக்குப் பதில் இல்ல. வா, போவோம்."

"நீ போ மச்சான். எனக்குக் காலு மரத்துப் போச்சு" என்றார் ரவூப்.

*

ஞாயிற்றுக்கிழமை பள்ளிவாசல் நிர்வாகம் கூடியது. ஜுனைதீன் நாவுலப் பெரியவர்கள் இருவரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். நிர்வாகத் தலைவர் புஹாரி ஹாஜியார் கெட்டவர் இல்லை. பஞ்ச காலத்தில் பள்ளி வாசலில் தினமும் கஞ்சி ஊற்றியவர், வந்த லயத்துச் சனத்தையும் சாதி சமயம் கேட்காமல் உட்கார வைத்தவர். ஆனால் சட்டம் என்று வந்தால் நூல் பிசகமாட்டார்.

"மகளைக் கட்டிக் குடுக்கிற வலீ முஸ்லிமா ஈக்கணும் ஸக்கரியா. அல்லாஹ் இல்லையெண்டு சொன்னவன் வலீயா நிக்க ஏலாது. நிண்டா அந்த நிக்காஹ் செல்லாது. நீ சொன்னியா இல்லையா?"

"சொன்னேன் ஹாஜியார். அது வெளையாட்டு. அண்டைக்குக் கோது என்ட கையில வந்திச்சு. காய் வந்திருந்தா உண்டெண்டு பேசியிருப்பேன். ரவூப்கிட்டக் கேளுங்க, இருபத்தஞ்சு வருஷமா இப்படித்தான்."

கூடியிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அல்லாஹ்வை வைத்துத் திருவுளச்சீட்டுப் போட்டார்களா என்று ஒருவர் முணுமுணுத்தார். ஹாஜியார் கையமர்த்திவிட்டு ரவூபைக் கூப்பிட்டார். ரவூப் பொய் சொல்லமாட்டார் என்பது ஊரறிந்த சங்கதி. ஸக்கரியா நிம்மதியாக மூச்சு விட்டார்.

"ரவூப், ஸக்கரியா அப்படிச் சொன்னாரா?"

"சொன்னார்."

"வெளையாட்டுக்குத்தானா?"

ரவூப் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாயின் ஒரு கோரை பிய்ந்திருந்தது. அதையே பார்த்தார்.

"ரவூப், ஒன்னத்தான் கேக்கிறேன்."

"எனக்குத் தெரியாது ஹாஜியார். அவர்ட மனசுல உள்ளது அவருக்குத்தான் தெரியும்."

முப்பது வருஷம் ஒரே சாக்கில் உட்கார்ந்த மனுஷன். ஸக்கரியாவுக்குக் கோபம்கூட உடனே வரவில்லை. ரவூப் கேள்வியைச் சரியாகக் காதில் வாங்கவில்லை என்றுதான் நினைத்தார். "மச்சான், கோது மச்சான், அதைச் சொல்லு" என்றார். ரவூப் நிமிரவில்லை. அப்போதுதான் நெஞ்சில் அடித்தது.

தீர்ப்பு மென்மையாகத்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு எல்லார் முன்னாலும் ஸக்கரியா, அல்லாஹ் ஒருவனே என்று சாட்சி சொல்லும் கலிமாவைப் புதிதாகச் சொல்லவேண்டும். சொன்னால் மறு ஞாயிறு நிக்காஹ், அவரே வலீ. சொல்லாவிட்டால் அவருடைய தம்பி நிற்கட்டும். அதுவரைக்கும் ஒரு பேணுதலுக்காக, பெண்சாதியோடு ஒரே வீட்டில் இருக்காமல் ஒதுங்கியிருப்பது நல்லது. இந்தக் கடைசிப் பேச்சைச் சொல்லும்போது ஹாஜியாரே குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

*

ஸக்கரியா படுக்கைப் பாயைச் சுருட்டிக்கொண்டு ஸ்டோருக்குப் போனார். நூருன்னிஸா சாப்பாட்டுத் தட்டைப் பின்வாசல் படியில் வைத்துவிட்டு நாலடி தள்ளி நிற்பாள். மரவள்ளிக் கிழங்கும் தேங்காய்ச் சம்பலும். கல்யாணத்துக்கு என்று ஒளித்து வைத்திருந்த அரிசியில் ஒரு பிடி எடுத்து இரண்டு நாள் சோறும் ஆக்கினாள்.

"இருபத்திநாலு வருஷம் கட்டி வாழ்ந்தேன்" என்றாள் புதன்கிழமை. "இந்த அஞ்சு நாளைக்கு நான் ஒங்களுக்கு ஆரு? அதையும் ஹாஜியார்கிட்டக் கேட்டு வச்சிருந்தா நல்லா ஈந்திருக்கும்."

"நான் சொல்லமாட்டேன் நூருன்னிஸா. வெளிய போகாதவனை உள்ள வாவெண்டு கூப்பிடுறாங்க. வந்தேனெண்டா போனேனெண்டு ஆகுது. தம்பி நிக்கட்டும்."

"வெளிய போகாதவர் எதுக்கு வெளிய நிண்டு பேசினீங்க? ஆம்பளைங்களுக்கு வாய் ஊறினா ஊர்ல வேற கதை இல்லையா?"

ஸரீனா உம்மாவுக்குப் பின்னால் நின்றாள். அவள் அதிகம் பேசாத பெண். அன்று முன்னுக்கு வந்தாள்.

"சாச்சா நிண்டு குடுத்தா, நான் ஆருட மக வாப்பா?"

ஸக்கரியா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"நாளைக்கு அந்த வீட்டில ஒரு சண்டை சச்சரவு வந்தா, வாப்பா முஸ்லிமில்லயெண்டு சாச்சா கட்டிக் குடுத்தவதானே எண்டு சொல்லுவாங்க. என்ட புள்ளைங்ககிட்டயும் சொல்லுவாங்க. நீங்க மாப்பிள்ளைட கையைப் பிடிக்காட்டி நான் போகல்ல. அஞ்சு வேளையும் கலிமா சொல்றீங்க. இன்னொரு தரம் சொன்னா எனத்த கொறைஞ்சு போகும்?"

"அது நான் சொல்றது மகள். இது சொல்ல வைக்கிறது."

"எனக்காகச் சொல்லுங்க."

அதற்கு மேல் வாதம் செய்ய அவருக்குக் கட்சி எதுவும் இல்லை. தலையாட்டினார்.

வியாழக்கிழமை ரவூப் வேலைக்கு வரவில்லை. அந்தக் கிழமை முழுக்க வரவில்லை. ஸக்கரியா தனியாக உட்கார்ந்து காயை ஆட்டிக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கம் சாக்கு காலியாக இருந்தது. சவரியம்மா சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"மொதலாளி, நா வந்து சொல்லட்டுங்களா? நானும் அன்னிக்கு இங்கனதான குந்தியிருந்தேன். அது வெளையாட்டுன்னு எனக்குத் தெரியும். தெனமும் பாக்கிறேன்ல."

"ஒன்ட சாட்சி அங்க செல்லாது சவரியம்மா. நீ கிறிஸ்தவப் பொம்பள."

"ஓ" என்றாள் அவள். போகாமல் நின்றாள். சேலைத் தலைப்பில் ஒட்டியிருந்த ஓட்டுத் தூளைத் தட்டிவிட்டாள். "அப்ப நெசமாவே வெளையாட்டுத்தானுங்களா?"

"வெளையாட்டுத்தான். ஒனக்குத் தெரியும்தானே."

"வெளையாட்டுன்னா எம்புள்ளைய எதுக்குங்க இழுத்தீங்க? ரெண்டு மாசந்தான் ஆச்சு. நீங்க நெசமா மனசு நொந்துதான் அப்பிடிக் கேட்டீங்கன்னு நெனச்சேன். நானும் மாதாகிட்ட அதையேதான் கேட்டுக்கிட்டுருக்கேன். சரி, மொதலாளியும் நம்மளுக்காகக் கேக்கிறாருன்னு அன்னிக்கு அழுகை வந்திருச்சு. செயிக்கிறதுக்குத்தான் கேட்டீங்கன்னு தெரியாமப் போச்சு."

அவள் திட்டவில்லை, அழவுமில்லை. மூலைக்குப் போய் மறுபடி ஓடு உடைக்கத் தொடங்கினாள். வெட்கம் ஸக்கரியாவைத் தின்றது. அந்த வெட்கத்தையும் சேர்த்து ரவூபின் மேலேயே கோபமாக ஏற்றி வைத்தார். நம்முடைய குற்றத்தைச் சுமக்க இன்னொரு முதுகு கிடைத்தால் யார்தான் விடுகிறார்கள்.

*

வெள்ளிக்கிழமை பள்ளி நிறைந்திருந்தது. ஜும்ஆ முடிந்தும் ஒருவரும் எழுந்து போகவில்லை. ஸக்கரியா முன்னால் போய் நின்று கலிமாவைச் சொன்னார். தெளிவாக, ஓர் எழுத்துப் பிசகாமல், நடுக்கமில்லாமல் சொன்னார். சொல்லி முடிந்ததும் வரிசையாக வந்து கை கொடுத்து முஸாபஹா செய்தார்கள். சிலர் கட்டிப்பிடித்தார்கள். வேறு மதத்திலிருந்து புதிதாக வந்தவர்களுக்குச் செய்கிற மாதிரி ஒரு கிழவர் அவர் தலையைத் தடவி, "அல்லாஹ் உறுதியாக்கி வைப்பானாக" என்றார். அந்தக் கிழவருடைய மையித்தைக் குளிப்பாட்ட நான்தான் வரவேண்டியிருக்கும் என்று ஸக்கரியா மனதுக்குள் கறுவிக்கொண்டார். ஜுனைதீன் கண்கலங்கக் கையைப் பிடித்து, "மனசுல வச்சுக்காதீங்க நாநா" என்றார். எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். அவமானப்பட்ட ஒருவரைத் தவிர.

ரவூப் கடைசி வரிசையில் தூணோரம் இருந்தார். முஸாபஹாவுக்கு வரவில்லை.

ஸக்கரியா நேரே அவர் வீட்டுக்குப் போனார். ஒற்றை அறை, ஒரு அடுப்பு, ஒரு கட்டில். ரவூப் அடுப்பில் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார்.

"ஏன் செஞ்சே?"

"ஒக்காரு மச்சான்."

"ஒக்கார வரல்ல. நான் ஒனக்கு எனத்த செஞ்சேன்? வெளையாட்டெண்டு ஒரே ஒரு சொல்லு. அதைச் சொல்ல ஒனக்கு வாய் வரல்ல. பெண்டாட்டியை விட்டுப் பிரிச்சாங்க. வந்தேறி மாதிரி என்னை நிக்க வச்சாங்க. நீ தூணோட ஒட்டிக்கிட்டுப் பார்த்துக்கிட்டு ஈந்தே."

ரவூப் அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்தார்.

"அண்டைக்கு நீ கேட்டதுக்கு நான் பதில் தேடினேன்" என்றார். "நீ தொழப் போயிட்டே. நான் சாக்கிலயே ஒக்காந்து தேடினேன். வீட்ட வந்து தேடினேன். ஓதினதெல்லாம் ஒண்ணொண்ணா எடுத்துப் பார்த்தேன். கெடைக்கல்ல. புள்ள தோளில கனத்தது மட்டும்தான் கெடைச்சிச்சு. அடுத்த நாள் தொழ நிண்டேன், ஒதடு அசையுது, உள்ளுக்க ஒண்ணுமில்ல. இண்டைக்கு வரைக்கும் அப்படித்தான். எனக்குப் போயிருச்சு மச்சான்."

ஸக்கரியா கட்டிலில் உட்கார்ந்தார்.

"பள்ளியில ஹாஜியார் கேட்டார், வெளையாட்டாண்டு. ஓமெண்டு சொன்னா எனத்த அர்த்தம்? ஒரு வெளையாட்டில என்ட ஈமான் போயிருச்செண்டுதானே. வாய் வரல்ல. இன்னொண்ணும் ஈக்குது. நீயும் நெசமாத்தான் சொன்னேண்டு நெனைச்சேன். எனக்கு ஒரு தொணை ஈக்குதெண்டு நெனைச்சேன். இண்டைக்கு நீ கலிமா சொன்னே. ஒன்ட கொரல்ல ஒரு நடுக்கமும் இல்ல. அப்பதான் வெளங்கிச்சு. என்ட கையில ஈந்ததைத் தட்டி விட்டிட்டு, நீ ஒன்னோடதைப் பத்திரமா மடியில கட்டி வச்சுக்கிட்டு ஈந்திருக்கே."

"அதுக்குப் பதில் ஈக்குது மச்சான்" என்றார் ஸக்கரியா அவசரமாக. "காய் என்ட கையில வந்திருந்தா நானே சொல்லியிருப்பேன். கேளு, நமக்குத் தெரிஞ்ச நீதியை வச்சு அவன்ட நீதியை..."

"வேணாம்."

"கேளேன்."

"வேணாம் மச்சான். நீ சொன்னா அதையும் நம்பிடுவேன். அடுத்த கிழமை கோது ஒன்ட கையில வந்தா அதையும் ஒடைச்சுப் போடுவே."

தண்ணீர் கொதிக்கவில்லை. எழுந்து வரும்போதுதான் ஸக்கரியாவுக்கு நினைவு வந்தது. ஸரீனாவின் நிக்காஹுக்குச் சாட்சிகள் இரண்டு பேர். ஒன்று புஹாரி ஹாஜியார். மற்றது ரவூப். கல்யாணம் பேசின அன்றே முடிவு செய்தது.

*

நிக்காஹுக்கு முஸ்லிமான இரண்டு சாட்சிகள் வேண்டும். ஈமான் இல்லாதவனின் சாட்சி சாட்சியல்ல. சாட்சி செல்லாவிட்டால் நிக்காஹும் செல்லாது. ஸக்கரியா ஓதிப் படித்த சட்டம். ரவூபும் ஓதிப் படித்த சட்டம். ரவூப் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டால் ஸரீனாவுக்கு இருப்பது ஒரே ஒரு சாட்சி. ஊரில் இது தெரிந்த ஆள் இருவர் மட்டும்.

ஹாஜியாரிடம் போய்ச் சொல்லிவிடலாம் என்று பலமுறை நினைத்தார். பொய் சொல்லாத ரவூப், கேட்டால் இல்லையென்று சொல்லமாட்டார். பிறகு ரவூபும் எல்லார் முன்னாலும் நிற்கவேண்டும். கலிமா சொல்லச் சொல்வார்கள். ரவூபால் சொல்ல முடியாது. அதற்குப் பிறகு அவருக்கு இந்த ஊரில் ஸலாம் சொல்ல ஆளிருக்காது, மௌத்தானால் தூக்க நாலு பேர் இருக்கமாட்டார்கள். தன்னை நிற்க வைத்ததுக்குப் பதில் என்று நினைத்தால் இனிப்பாகத்தான் இருந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்ததை இரண்டு தரம் விழுங்கினார். ரவூபை மாற்றுங்கள் என்று காரணம் சொல்லாமல் கேட்கவும் வழியில்லை. உண்மை பேசின மனுஷன்மேல் வன்மம் வைக்கிறான் என்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அரிசியை ஊர் விட்டு ஊர் மூட்டையாகக் கொண்டுபோக முடியாத காலம். நாவுலயிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஆளுக்கு ஒன்றிரண்டு கொத்து அரிசியைச் சீலைப் பைகளில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். நூருன்னிஸா பைகளை ஒவ்வொன்றாக வாங்கிச் சட்டியில் கொட்டினாள். நாட்டரிசி, சம்பா, குத்தரிசி எல்லாம் ஒன்றாகக் கலந்து வெந்தது. சவரியம்மா பின்கட்டில் நெருப்பைப் பார்த்துக்கொண்டாள். ஸக்கரியா அந்தப் பக்கம் போனபோதெல்லாம் அவள் விறகைத்தான் பார்த்தாள்.

ளுஹர் தொழுகைக்குப் பிறகு பள்ளியில் நிக்காஹ். பதிவுகாரர் பெரிய புத்தகத்தை விரித்தார். ஸக்கரியா மாப்பிள்ளையின் கையைப் பிடித்தார். மகளின் பெயரைச் சொல்லும்போது மட்டும் குரல் தடுமாறியது. மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டார். ஆக வேண்டியது முடிந்தது. பதிவுகாரர் சாட்சிகளைக் கூப்பிடப் பேனையை எடுத்தார்.

"ஒரு சொல்லு" என்றார் ஸக்கரியா. "சாட்சி மூணு பேரா ஈக்கட்டும். ஜுனைதீன் நாநாவும் மொதல்லயிருந்து இங்கதானே ஈந்து கேட்டார். அவரும் போடட்டும்."

பதிவுகாரர் மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "ரெண்டு போதுமே. புத்தகத்தில ரெண்டு கோடுதான் ஈக்குது."

"ரெண்டாவது பேருக்குக் கீழ எழுதுங்க. எனக்கு மனசுக்கு ஆறுதல்."

கூடியிருந்தவர்களுக்கு அது பிடித்துப் போனது. குற்றம் சொன்ன மனுஷனையே கூப்பிட்டு மரியாதை செய்கிறார் பாருங்கள் என்று கிசுகிசுத்தார்கள். புஹாரி ஹாஜியார் ஸக்கரியாவின் தோளைத் தட்டினார். ஜுனைதீனுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

ஹாஜியார் போட்டார். பேனை ரவூபிடம் வந்தது. அவர் புத்தகத்தைப் பார்த்தார். தன் பெயருக்குக் கீழே, கோடில்லாத இடத்தில், ஜுனைதீனின் பெயர் எழுதியிருந்தது. பிறகு ஸக்கரியாவைப் பார்த்தார். கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பேனையைக் கீழே வைத்தார்.

அஸருக்கு முன்னால் இருவரும் ஹவுளுத் தொட்டித் தண்ணீரில் கைகால் கழுவி உளூ எடுத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் வேறு யாரும் இல்லை. ரவூப் முழங்கை வரைக்கும் தண்ணீரை வழியவிட்டபடி மெதுவாகச் சொன்னார்.

"நீ என்னைக் காட்டிக் குடுக்கல்ல மச்சான்."

"இல்ல."

"ஆனா கணக்கிலயும் எடுக்கல்ல."

எதற்கும் பதில் வைத்திருக்கிற ஸக்கரியா குனிந்து காலைக் கழுவினார். கழுவின காலையே மறுபடி கழுவினார்.

வரிசை கட்டினார்கள். பழக்கம் விடவில்லை, ரவூப் வலது பக்கத்தில்தான் வந்து நின்றார். தோளோடு தோள் பட்டது. அஸர் தொழுகையில் இமாமும் சத்தமாக ஓதுவதில்லை. பக்கத்தில் நிற்பவன் உள்ளே என்ன ஓதுகிறான் என்று எவருக்கும் கேட்காது. ஸக்கரியா கேட்கப் பார்த்தார். ஓதுவதை விட்டுவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். மூச்சு மட்டும்தான் வந்தது. கடைசியான நாலாவது ரக்அத்தில்தான் தானும் ஒன்றும் ஓதவில்லை என்பது அவருக்கு உறைத்தது.

இமாம் வலமும் இடமுமாக ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்தார். ஸக்கரியா ரவூபின் முகத்தைப் பார்ப்பதற்காகவே வலது பக்கம் திரும்பினார். ரவூபும் வலது பக்கம்தான் திரும்பியிருந்தார். அவருடைய பிடரிதான் தெரிந்தது. ரவூப் இந்தப் பக்கம் திரும்பியபோது ஸக்கரியா இடது பக்கம் திரும்பிவிட்டிருந்தார். முப்பது வருஷமாக ஒருவருக்கொருவர் இப்படித்தான் ஸலாம் சொல்லி வந்திருக்கிறார்கள்.